அத்தைக்கு இரண்டு வட்டங்கள்

தம்பி,

இதைப் படிக்கும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் மூடி வைத்துவிட்டு, தனியாக இருக்கும்போது எடுத்துப் படி. போனில் சொல்லியிருக்கலாம். போன மாதம் நீ கொழும்பிலிருந்து வந்து மூன்று நாள் இருந்தபோது நேரிலும் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் பாதியிலேயே நீ "பரவால்லம்மா, வுடுங்க" என்று சொல்லிவிடுவாய். நான் எந்தத் தப்பைச் சொல்ல வந்தாலும் உன்னிடமிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். இந்தத் தடவை அதைக் கேட்காமல் கடைசிவரை சொல்ல வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். இதில் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. அப்பா, அத்தை, மாமா, பாப்பா என்று முறைகள் மட்டும் போதும். நீ சம்மதித்தால் பிறகு இதைப் பத்திரிகைக்குக் கொடுத்து மற்றவர்களும் படிக்கச் செய்வேன். மாத்தளை டவுனிலும் இரத்தோட்டைப் பக்கத் தோட்டங்களிலும் நம் வீட்டைப் போன்ற வீடுகள் எத்தனையோ இருக்கின்றன.

பொங்கலுக்கு வந்தபோது நீயே பேச்சை எடுத்தாய். "உக்குவளை மாமா மகளையே கட்டிக்கிறேம்மா. வெளியில இருந்து வர்ற புள்ள பாப்பாவ எப்படிப் பாக்கும்னு நமக்குத் தெரியாது. இவளுக்குப் பாப்பாவ சின்னதுல இருந்தே தெரியும்" என்றாய். அப்பா சிரித்துவிட்டார். "மாமாகிட்ட நான் போய்க் கேக்கணுமா, இல்ல அங்க எல்லாம் பேசி முடிச்சிட்டியாடா கள்ளப்பயலே?" என்றார். நானும் சிரித்தேன். என் தம்பியின் மகள், நல்ல பெண், நாளைக்கு நானும் அப்பாவும் இல்லாவிட்டாலும் பாப்பாவுக்கு ஒரு நேரச் சோறு தவறாது என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. சொல்ல வேண்டிய விஷயம் அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த நிம்மதியைக் கலைக்க மனமில்லாமல் பேசாமல் இருந்தேன்.

நீ எதை நினைத்து இந்தக் கல்யாணத்தைக் கேட்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்கு உனக்கு ஐந்து வயது. மேல் ரோட்டிலிருந்து நம் வீட்டுக்கு இறங்கும் சீமெந்துப் படிகளில் உட்கார்ந்து, உன் சிவப்பு பிளாஸ்டிக் பஸ்ஸுக்கு வாளித் தண்ணீர் ஊற்றி சேர்விஸ் போட்டுக்கொண்டிருந்தாய். நான் பாடசாலை விட்டு வந்தேன். பாப்பா வயிற்றில், ஏழு மாதம். நாலாவது படியில் கால் வழுக்கி உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். இடுப்பில் அடி, கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அடுத்த நாளே ஆஸ்பத்திரியில் காட்டினோம்; குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாப்பாவும் மாதம் நிறைந்துதான் பிறந்தாள். ஆனால் தலை சின்னதாக இருந்தது. ஒரு வயதாகியும் உட்காரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. என் அத்தை, உன் அப்பத்தா, ஒரு நாள் அவளை மடியில் போட்டுக்கொண்டு உன்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒன் கைத் தண்ணிடா. வேற என்னா?" நீ பஸ்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். அதற்குப் பிறகு அந்தப் பஸ்ஸை நான் பார்க்கவில்லை.

அத்தை கெட்டவர் இல்லை. சாகும்வரைக்கும் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிவிட்டது அவர் கைதான். அவர் பழி சொன்னது அறியாமல். நான் செய்தது அறிந்து.

பாப்பாவுக்கு ஒன்றரை வயதில் கண்டியில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அத்தை வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். நான் பாப்பாவோடு உள்ளே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஓர் இளம் புருஷன் பெண்சாதி, பிள்ளையோடு. டொக்டர் சிங்களத்தில் கேட்பதை ஒரு மிஸி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ்ப் பெண்தான், தாதியாகப் பல வருடம் வேலை பார்த்தவர் போல இருந்தார். இருவரும் அத்தை மகன், மாமன் மகள் என்று தெரிந்ததும் அவர் குரல் உயர்ந்தது. "சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிறது, பொறகு இங்க வந்து அழுறது. ஒலகத்துல வேற ஆளே கெடைக்கலையா ஒங்களுக்கு?" வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தப் புருஷன், பிள்ளையின் கழன்ற செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்தது நான். கல்வியியற் கல்லூரியில் படித்து, விஞ்ஞான ஆசிரியை ஆகி நாலு வருடம். நல்ல சேலை கட்டியிருந்தேன். என்ன வேலை என்று கேட்டு, "டீச்சர்" என்றதும் மிஸியின் முகம் மாறியது. டொக்டர் ஒரு தாளில் சதுரமும் வட்டமுமாக வரைய ஆரம்பித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பதினோராம் தரத்துக்கு நான் கரும்பலகையில் போடும் அதே படம். என் அப்பாவோடு பிறந்தவர்கள் யார் என்று கேட்டார். ஒரு தங்கச்சி என்றேன். என் அப்பாவின் சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். புருஷனுடைய அப்பா அம்மா? "மாமா, அத்தை" என்றேன். மிஸி அதை மாமனார், மாமியார் என்று சிங்களத்தில் சொன்னார். டொக்டர் அதே தாளின் மற்ற ஓரத்தில் ஒரு சதுரமும் இன்னொரு வட்டமும் போட்டார். அப்பாவின் தங்கச்சிக்கும் மாமியாருக்கும் நம் பாஷையில் ஒரே சொல். எனக்கு இரண்டும் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த அந்த ஒருவர்தான்; தாளில் அவர் இரண்டு வட்டமாகிவிட்டார்.

டொக்டர் நிமிர்ந்து மிஸியிடம், இவர்கள் உறவா என்று கேட்டார். மிஸி என்னைக் கேட்கவே இல்லை. "டீச்சர் கெனெக் டொக்டர், இவங்க படிச்சவங்க, அதெல்லாம் இருக்காது" என்று சிங்களமும் தமிழும் கலந்து சொல்லிவிட்டார். எனக்கு இரண்டு பாஷையும் புரிந்தது. எட்டி அந்தத் தாளைத் தொட்டு, இந்த வட்டமும் அந்த வட்டமும் ஒன்றுதான் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவுதான் வேலை. சொல்லவில்லை. கர்ப்ப காலத்தில் ஏதாவது நடந்ததா என்று அடுத்ததாகக் கேட்டார். தேவையில்லாத அவசரத்தோடு, "ஏழாம் மாசம் படியில விழுந்துட்டேன்" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அத்தை எழுந்து நின்று, "என்னா சொன்னாரு?" என்றார்.

"விழுந்ததாலயா இருக்கும்னு எழுதியிருக்காரு."

"நான் அப்பயே சொன்னேன்ல" என்றார். அவர் முகத்தில் ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது. கல்யாணத்தைப் பேசி முடித்தவர் அவர்தான். உள்ளுக்குள் அவருக்கும் பயம் இருந்திருக்கிறது. அந்தப் பயத்தை அவரிடமிருந்தும் என்னிடமிருந்தும் இறக்கி, ஏழு வயது நிறையாத உன் மேல் ஏற்றிவிட்டு, நான் மாத்தளை பஸ்ஸில் ஏறினேன்.

நீ என்னை ஒரே ஒரு தடவை கேட்டாய். எட்டு வயது இருக்கும். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "அம்மா, நான் தண்ணி ஊத்தலைன்னா பாப்பா பேசியிருக்குமா?" என்றாய். இல்லையென்று ஒரு சொல் சொன்னால் போதும். "அதெல்லாம் யோசிக்காத, போய்ப் படி" என்றேன். நீ போய்ப் படித்தாய். அதற்குப் பிறகு பாப்பாவைக் குளிக்க வைப்பதிலிருந்து தோளில் தூக்கித் திருவிழாவுக்குக் கொண்டுபோவது வரை எல்லாம் நீ. பெடியன்கள் கிரிக்கெட்டுக்குக் கூப்பிட வந்தால், "பாப்பா தூங்கட்டும்" என்று திருப்பி அனுப்புவாய். எவ்வளவு நல்ல அண்ணன் என்று ஊரே சொன்னது. நானும் கேட்டுப் பெருமைப்பட்டேன். பெருமைப்பட்டதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பாடசாலையிலும் அதே கதைதான். தலைமுறையுரிமைப் பாடம் நடத்தும்போது நெருங்கிய உறவுக்குள் திருமணம் என்ற பகுதியை வேகமாகத் தாண்டிவிடுவேன். ஒரு வருடம் இரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அத்த மகன கட்டுனா புள்ளைக்கு நோய் வருத்தம் வருமா?" என்று கேட்டாள். பின்வாங்கிலிருந்து ஒருவன், "இவ மச்சான் டவுன்ல கடையில நிக்கிறான் டீச்சர், அதான் கேக்குறா" என்றான். வகுப்பே சிரித்தது. "பரீட்சைக்கு அது வராது, ஒக்காருங்க" என்றேன். அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த கிளினிக்குக்கு ஒரு புது டொக்டர் வந்தார். சிங்களப் பெண், என்னைவிட இளையவர். பாப்பாவின் பழைய கோப்பைப் பார்த்து, மறுபடி இரத்தம் எடுத்து அனுப்பினார். சில மாதம் கழித்து எனக்குப் போன் எடுத்தார். அவருடைய தமிழ் பாதியில் நிற்கும், நான் சிங்களத்தில் எடுத்துக் கொடுப்பேன். "டீச்சர், சண்டை போட எடுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். மஹத்தயா, உங்கள் கணவர், உங்களுக்குச் சொந்தமா? பழைய தாளில் இல்லை என்று இருக்கிறது. மகளின் இரத்தத்தில் இருக்கிறது என்று இருக்கிறது." நான் ஆசிரியர் அறையில் நின்றுகொண்டிருந்தேன். "அத்தை மகன்" என்றேன். அவர் ஏசவில்லை. "சரி, இப்போது எனக்கு விளங்குகிறது" என்றார்.

விஷயம் இதுதான். நம் உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் ஒவ்வொரு பரம்பரையலகுக்கும் இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்று அம்மா தந்தது, ஒன்று அப்பா தந்தது. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். பழுதைச் சுமப்பவருக்கே அது தெரியாது. என் அப்பாவும் அத்தையும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள். ஒரே பழுதை இருவரும் கொண்டுவந்தார்கள். என் வழியாக ஒன்று, உன் அப்பா வழியாக ஒன்று, இரண்டும் பாப்பாவிடம் வந்து சேர்ந்தன. உன்னிடம் அதில் ஒன்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என் தம்பியிடமும், அவர் மகளிடமும் அப்படித்தான்.

அந்தப் போன் வந்த அன்று மாலை உன் அப்பா கடையிலிருந்து வந்ததும், அந்தக் காலத்தில் கிளினிக்கில் நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். மிளகு வாசனையோடு சட்டையைக் கழற்றாமல் நின்று கேட்டார். "நான் அங்க இருந்திருந்தா மட்டும் சொல்லியிருப்பேனா? அம்மாவ வெளிய ஒக்கார வச்சிக்கிட்டு எனக்கும் வாய் வந்திருக்காது" என்றார். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "ஆனா பயல மாட்டிவுட்டிருக்க மாட்டேன்" என்றார். உன்னிடம் நானே சொல்ல வேண்டும், அவர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அதனால்தான் அவர் வாய் திறக்கவில்லை. அவர் மேல் கோபப்படாதே.

பிறகு டொக்டர் இன்னொன்று கேட்டார். வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தோடு சேர்ந்து இந்த வருத்தத்தைப் படிக்கிறார்களாம், பாப்பாவின் இரத்தம் கொஞ்சம் தர முடியுமா என்று. அந்த இரத்தத்தின் கலங்களை, இன்னும் எதுவாகவும் ஆகாத ஆரம்ப நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோவார்கள். பிறகு அவற்றைச் சத்துள்ள திரவத்தில் வைத்து, மூளையாகும் வழியில் வளரவிடுவார்கள். முழு மூளை வளர்வதில்லை. கருவில் முதல் சில மாதங்களில் மூளை எப்படி உருவாகிறது என்பதை ஓரளவு காட்டும் சின்னச் சின்ன உருண்டைகள். "அதுக்கு வலி தெரியுமா டொக்டர்?" என்று கேட்டேன். "தெரியாது என்றுதான் நினைக்கிறோம். அந்த அளவுக்கு அது வளராது. ஆனால் அதைப் பற்றி எல்லாம் எங்களுக்குத் தெரியும் என்று பொய் சொல்ல மாட்டேன்" என்றார். பாப்பாவுக்கு இதனால் ஒன்றும் மாறாது, மருந்து எதுவும் வந்துவிடாது என்பதையும் அவரே முதலில் சொன்னார். மூன்று நாள் யோசித்தேன். பாப்பாவால் சரி என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அவளுக்காக நான் பேசிய முதல் தடவை பொய்யாகப் போனது. இந்தத் தடவை கையெழுத்துப் போடுவதற்கு முன் டொக்டரிடம் புதுத் தாள் கேட்டு வாங்கி, படத்தை நானே வரைந்தேன். அத்தைக்கு ஒரே வட்டம். ஊசி குத்தும்போது பாப்பா என் முந்தானையைக் கடித்துக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு நிதானமாக அழுதாள்.

மூன்று வாரத்துக்கு முன் டொக்டர் கூப்பிட்டு, படங்களைக் காட்டினார். வருத்தமில்லாத ஒருவரின் கலங்களிலிருந்து வளர்ந்தவை ஒரு வரிசை, நல்ல மிளகு அளவு. பாப்பாவினுடையவை அடுத்த வரிசை, அதே நாட்கள், அதே திரவம். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அங்கே நடந்ததை டொக்டர் விளக்கினார். முதலில் அந்தக் கலங்கள் தம்மைப் போலவே இன்னும் பல கலங்களை உண்டாக்கிப் பெருக வேண்டும், போதுமான அளவு பெருகிய பிறகுதான் நரம்புக்கலங்களாக மாற வேண்டும். பாப்பாவின் கலங்கள் அவசரப்பட்டு முன்பே மாறிவிடுகின்றன. பெருகுவதற்கு ஆளில்லாமல் போகிறது. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிய வீடு மாதிரி என்று எனக்குத் தோன்றியது. இதெல்லாம் தொடங்குவது கருவின் ஆரம்ப மாதங்களில். நான் விழுந்ததோ ஏழாம் மாதம். இருந்தாலும் வாய்விட்டுக் கேட்டேன்: "நான் விழுந்ததால இல்லையா டொக்டர்?"

அவர் அந்தச் சின்ன உருண்டைகளைச் சுட்டிக் காட்டினார். "டீச்சர், இது எந்த அம்மாவின் வயிற்றிலும் இருக்கவில்லை. எந்தப் படியிலும் விழவில்லை. இதுவும் சின்னதாகத்தான் வந்திருக்கிறது."

கண்டியிலிருந்து வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. இருபது வருடம் உன்னை அந்தப் படியில் உட்கார வைத்திருந்தேன் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நீ தண்ணீர் ஊற்றினாய், நான் விழுந்தேன், பாப்பா இப்படிப் பிறந்தாள். மூன்றும் உண்மை. ஆனால் முதல் இரண்டுக்கும் மூன்றாவதுக்கும் தொடர்பில்லை. தொடர்பு போட்டவள் நான். நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்டால் உடனே மன்னித்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை. கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. எடுத்துக்கொள்.

ஒன்றைத் தவறாக எடுத்துக்கொள்ளாதே. பாப்பா பிறந்திருக்கக் கூடாது என்று நான் ஒரு வரியும் எழுதவில்லை. அவள் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் போய் அங்கே யாரும் இல்லையென்று தினமும் புதிதாகச் சிரிப்பதைக் கேட்காமல் இந்த வீட்டில் எனக்கு விடியாது. சொந்தத்தில் கட்டாதே என்றும் சொல்லவில்லை. நானும் அப்பாவும் நன்றாகத்தான் வாழ்ந்தோம். தெரிந்துகொண்டு கட்டு என்கிறேன். நீங்கள் இருவரும் இரத்தம் கொடுத்தால் யாரிடம் இது இருக்கிறது என்று சொல்லிவிடலாமாம். ஒருவரிடம் இல்லாவிட்டாலும் போதும், பிள்ளைக்கு இந்த வருத்தம் வராது. இருவரிடமும் இருந்தால் என்ன செய்யலாம் என்று டொக்டர் உட்கார வைத்துப் பேசுவார். முடிவு உங்கள் இருவருடையது.

இப்போது, நான் அவசரமாக இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். போன சனிக்கிழமை மாமா மகள் வழக்கம்போல உக்குவளையிலிருந்து பஸ் ஏறி, பாப்பாவுக்குத் தலை பின்னிவிட வந்தாள். டொக்டர் தந்த படம் மேசையில் கிடந்தது. "இது என்னா அத்தை? மொளகு காயப்போட்ட மாதிரி இருக்கு" என்றாள். மறைக்க எனக்கு மனம் வரவில்லை. உனக்கு முன்னால் அவளிடம் சொன்னது சரியா தவறா என்று தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாப்பாவின் பின்னலைப் பின்னி முடித்து நிமிர்ந்தாள்.

"அப்ப நானும் ரத்தம் குடுக்கணுமா?"

"குடுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். குடுத்தா தெரியும்."

"குடுக்குறேன். கொசுவுக்குக் குடுக்கலையா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க அத்தை. மச்சான் என்னைய கேக்குறாரா, பாப்பாவுக்கு ஒரு ஆளக் கேக்குறாரா?" என்றாள்.

அவளே தொடர்ந்தாள். "பாப்பாவ நான் பாத்துக்குவேன், அது ஒரு விஷயமே இல்ல. மச்சான் வேற ஊர்ல வேற பொண்ணக் கட்டுனாலும் சனிக்கிழமை நான் வருவேன். ஆனா அதுக்காகத்தான் என்னையக் கட்டுறாருன்னா, எனக்கு வேணாம். அவருகிட்ட சொல்லிருங்க."

சொல்லிவிட்டேன். எத்தனை தடவை இரத்தம் எடுத்தாலும் அந்தக் கேள்விக்கு டொக்டரிடம் பதில் கிடைக்காது. இத்தனை வருடமும் நீ செய்யாத ஒன்றுக்காக உன்னையே கொடுத்து வந்திருக்கிறாய். அதை ஒரு பக்கம் இறக்கி வைத்துவிட்டு, ஒரு தடவை, வெறும் இருபத்தைந்து வயதுப் பையனாக அவளை நினைத்துப் பார். பாப்பா இல்லாத ஒரு வீட்டிலும் அவளைத் தேடிப் போயிருப்பாயா? போயிருப்பாய் என்றால் அதைச் சொல். இல்லையென்றால் அதையும் சொல், அவள் தாங்குவாள். வியாழக்கிழமை நான் அவளை கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். நீ எப்படி முடிவெடுத்தாலும் தெரிந்துகொள்வது தனக்கு நல்லது என்கிறாள். அதற்கு முன் அவளுக்கு ஒரு கோல் எடுத்துப் பேசு. எனக்கு இப்போதைக்கு எடுக்க வேண்டாம். அவளிடம் பேசி முடித்த பிறகு, உனக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது எடு. நான் இருப்பேன்.

அம்மா